தேய்ந்த காசுக்குத் தரம் சொல்வது: சொல்லா, எண்ணா?

திருகோணமலையில் பழைய பெட்டிகளைக் கிளறினால் பெரும்பாலும் வருவது தாளிப்பனை போட்ட செப்புச் சதங்கள், யுத்தகாலத்துப் பித்தளைச் சதங்கள், இந்திய வெள்ளி ரூபாய். இலங்கைக்கென்று ஒரு ரூபாய் நாணயம் 1957இல்தான் வந்தது. அதற்கு முன் நீண்ட காலம் இங்கும் இந்திய வெள்ளி ரூபாய் ஓடியது. எல்லாம் கைமாறித் தேய்ந்தவை. விற்பதானாலும் வாங்குவதானாலும் முதல் கேள்வி, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதுதான்.

அதைச் சொல்ல இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பிரித்தானியச் சொல்வரிசை: ஃபெயர், ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், கடைசியில் புழங்காதது, அதாவது கைமாறாத புதுக்காசு. மற்றது 1 முதல் 70 வரையான அமெரிக்க எண்வரிசை; எண் கூடக் கூடத் தரம் கூடும். 1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற உளவியலாளர், ஆரம்பகால அமெரிக்கச் செப்புச் சதங்களுக்காக அமைத்த வரிசை இது. மிகத் தேய்ந்த காசின் அடிமட்ட விலையைத் தர எண்ணால் பெருக்கினால் காசின் விலை வரவேண்டும் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கு சீக்கிரமே பொய்த்துப்போனது, எண் மட்டும் தங்கிவிட்டது. 1980களில் காசைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரம் எழுதித் தரும் நிறுவனங்கள் வந்து அதை உலகம் முழுக்கப் பரப்பின.

நம் கையில் இருக்கும் காசுக்கு எது உதவும்? ஐந்தாம் ஜோர்ஜ் கால வெள்ளி ரூபாய் ஒன்றை எடுத்துப் பாருங்கள். முதலில் தேய்வது மேடான இடங்கள்: முடியின் பட்டையில் உள்ள மணிகள், மீசை, காதின் விளிம்பு, மேலங்கி மடிப்புகள். பூதக்கண்ணாடியோடு விளக்கின் கீழ் காசை மெல்லச் சாய்த்துத் திருப்ப வேண்டும். நேரே பிடித்தால் கண் ஏமாறும். படத்தை மட்டும் பார்த்துத் தரம் சொல்பவரை நான் நம்புவதில்லை. மணிகள் தனித்தனியாகத் தெரிந்து உச்சிகள் மட்டும் லேசாக மங்கியிருந்தால் எக்ஸ்ட்ரீம்லி ஃபைன். மணிகள் பாதி கலந்து, மடிப்புகள் இன்னும் தெளிவாக இருந்தால் வெரி ஃபைன். முடி வெறும் உருவக்கோடாகி எழுத்து முழுதாக இருந்தால் ஃபைன். நாலு காசைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பழகினால் கண்ணுக்குப் பிடிபட்டுவிடும்.

எண்வரிசையில் இதே வெரி ஃபைன் 20, 25, 30, 35 என்று நாலாகப் பிரியும். அரைச் சதக் காசுக்கு 25ஆ 30ஆ என்று வாதாடுவதில் எனக்கு ஒரு பயனும் தெரியவில்லை; விலையில் அது பெரும்பாலும் தேநீர்க் காசுதான். ஆனால் 50க்கு மேலே கதை வேறு. 50, 53, 55, 58 என்ற படிகளில் பள்ளங்களில் எவ்வளவு அச்சுப் பளபளப்பு மிஞ்சியிருக்கிறது என்பதே கேள்வி. விலையும் அங்கேதான் தாவுகிறது. அந்த மட்டத்தில் எண்ணின் நுணுக்கத்துக்கு ஈடில்லை. இன்னொன்று: பிரித்தானியக் கை பொதுவாக இறுக்கமானது. அங்கே வெரி ஃபைன் என்று எழுதும் காசை அமெரிக்கர் எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் என்றே விற்பார். ஆகவே எந்த வரிசை என்று கேட்காமல் விலை பேச வேண்டாம்.

ஒல்லாந்தக் கம்பனியின் சின்னத்துக்கு மேல் ‘T’ என்ற ரோம எழுத்து உள்ள ஸ்ரூவர் என்ற செப்புக்காசு கிடைத்தால் இரண்டு வரிசையுமே தடுமாறும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருகோணமலைக்கென அடித்த காசு அது. தடிப்பான, ஒழுங்கற்ற துண்டில் அரைகுறையாக விழுந்த அச்சு. மங்கல் எல்லாம் தேய்மானம் அல்ல. கைபட்டுத் தேய்ந்த இடம் வழுவழுப்பாகி நிறம் மாறியிருக்கும். அச்சே சரியாக விழாத இடம் சுற்றியுள்ள தளத்தைப் போலவே சொரசொரப்பாக இருக்கும். ஃபைன் என்பதற்கான பழைய பிரித்தானிய விளக்கம் அச்சுப் பலவீனத்தையும் சேர்த்தே சொல்கிறது. எண் அந்த வித்தியாசத்தைத் தனியாகக் காட்டாது.

அப்புறம் கடற்காற்று. உப்புவெளிப் பக்கம் திறந்த அலுமாரியில் கிடந்த செப்புக்குப் பச்சைக் களிம்பும் குழியும் வரும். அது தேய்மானக் கணக்கில் சேராது, விலையை மட்டும் குறைக்கும். அதைவிட மோசம் தேசிக்காயும் விபூதியும் போட்டுப் பளிச்சென்று தேய்ப்பது. தேய்த்துச் சுத்தம் செய்தது தெரிந்தால் உறை நிறுவனங்கள் எண்ணே தராமல், குறையைக் குறித்துத் திருப்பி அனுப்பிவிடும். சாதாரணச் சதத்துக்கு அந்தக் கட்டணமும் தபாலும் காசின் விலையைத் தாண்டும் என்பதால் நான் அந்தப் பக்கம் போகச் சொல்லமாட்டேன். அரிய ஆண்டு, நல்ல பளபளப்பு இரண்டும் சேர்ந்தால் மட்டும் யோசிக்கலாம். மற்றதுக்கெல்லாம் காகித உறையில் ‘வெரி ஃபைன், பின்பக்கம் உப்பரிப்பு, கழுவப்படாதது’ என்று எழுதி வைத்தால் வாங்குபவருக்குத் தேவையான அத்தனையும் அதில் இருக்கிறது.