விக்டரி லேப் ஆல்பம் ரிவ்யூ: நிப்சி ஹஸிலைப் பாட்டுல கேளுங்க

நிப்சி ஹஸில், 2019-ல சுட்டுக் கொல்லப்பட்ட அமெரிக்க ராப்பர். அவர் பேரத் தேடினா யூட்யூப்ல முதல்ல வந்து நிக்கிறது சிசிடிவி ஃபுட்டேஜ், கோர்ட் கேஸ், யார் பின்னாடி இருந்தாங்கனு ஆளாளுக்கு ஒரு தியரி. பாட்டைப் பத்திப் பேசத்தான் ஆளக் காணோம், எனக்கு அதுல ரொம்ப வருத்தம். 2005-லேர்ந்து மிக்ஸ்டேப்பா (முறையான ஆல்பமா இல்லாம ராப்பருங்க தாங்களே விடுற பாட்டுத் தொகுப்பு) போட்டுப் போட்டு கடைசியா 2018 பிப்ரவரி 16-ல மனுஷன் விட்ட முதல் ஸ்டுடியோ ஆல்பம் இது, உயிரோட இருந்தப்ப வந்த ஒரே ஸ்டுடியோ ஆல்பமும் இதான். 16 பாட்டு. வாங்கலாமானு கேட்டீங்கன்னா கண்ண மூடிட்டு வாங்குங்க.

ஆள் யாருன்னு தெரியாதவங்களுக்கு: நிஜப் பேரு எர்மியாஸ் அஸ்கெடோம், அப்பா எரித்ரியாக்காரர், பொறந்து வளந்தது எல்லாம் சவுத் லாஸ் ஏஞ்சலஸ், சின்ன வயசுலயே கிரிப்ஸ்ன்ற பெரிய கேங்கோட ஒரு பிரிவான ரோலிங் சிக்ஸ்டீஸ்ல சேந்துட்டார், அத எங்கயும் மறைச்சதும் இல்ல. அங்க க்ரென்ஷா, ஸ்லாசன்னு ரெண்டு ரோடு சந்திக்கிற முக்குல ஒரு பார்க்கிங் லாட், அங்க கார் டிக்கியத் திறந்து வெச்சு சிடி வித்தவர். 2013-ல க்ரென்ஷான்ற மிக்ஸ்டேப்ப ஆன்லைன்ல ஃப்ரீயா விட்டுட்டு, கையில வாங்குற சிடி மட்டும் ஆயிரம் காப்பி, ஒண்ணு 100 டாலர்னு வித்தார். பைத்தியக்காரத்தனம்னு நெனச்சவங்க நிறைய பேர், ஆனா அதுல நூறு காப்பிய பெரிய ராப்பர் ஜே-ஸி வாங்கிட்டார். 2017 ஜூன்ல அதே சிடி வித்த எடத்துலயே மாரத்தான் க்ளோத்திங்னு சொந்தத் துணிக்கடை தொறந்தார், துணி மேல ஃபோனக் காட்டினா ஆப்ல வீடியோ ஓடுச்சு.

இந்தக் கதை தெரிஞ்சாத்தான் ஆல்பம் முழுசா ஏறும். பணம், கார், வாட்ச் எல்லாம் மத்த ராப்பருங்க மாதிரி இதுலயும் வருது, ஆனா அடியில ஓடுறது வேற, அடுத்தவன் கம்பெனிக்கு மாரடிக்காத, உன் பாட்டு உன் பேர்ல இருக்கட்டும், உன் தெருவுல உனக்கு ஒரு கடை இருக்கட்டும். இத அட்வைஸா சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க, கரகரன்னு அவசரமே இல்லாத அந்தக் குரல்ல சொல்லும்போது தன்னால நிமிந்து உக்காரத் தோணுது.

டெடிகேஷன்ல பக்கத்து ஊர் காம்ப்டன்லேர்ந்து ராப்பர் கென்ட்ரிக் லமார் வர்றார், ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் முந்தணும்னு பாடாம பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்கும், ஆல்பத்துலயே எனக்கு உசுரு இந்தப் பாட்டுதான். இன்னொண்ணு ராப்பர் ஒய்ஜியோட சேந்து பண்ணது, அவர் ப்ளட்ஸ் பக்கம் இவர் கிரிப்ஸ் பக்கம், ரெண்டும் பரம எதிரி கேங், ப்ளட்ஸ் கலர் செவப்பு, கிரிப்ஸ் கலர் நீலம், அந்த செவப்பும் நீலமும் ஒரே பாட்டுல நிக்கிறது அந்த ஊர்ல சாதாரண விஷயம் இல்ல. ஹஸில் அண்ட் மோட்டிவேட்ல ஜே-ஸியோட பழைய ஹார்ட் நாக் லைஃப் பீட்ட எடுத்து வெச்சிருக்காங்க, அதே கொழந்தைங்க கோரஸ், கேட்ட உடனே கால் தாளம் போட ஆரம்பிச்சிரும். லோடட் பேஸஸ் எனக்கு ஒட்டல, கடைசி நாலஞ்சு பாட்டு கொஞ்சம் இழுக்குது, ரெண்டு பாட்டக் கொறச்சிருந்தா இன்னும் கச்சிதமா இருந்திருக்கும். கெட்ட வார்த்தை நிறைய, வீட்ல சின்னப் பசங்க இருந்தா ஹெட்ஃபோன்தான்.

சாவைப் பத்தியும் சொல்லித்தான் ஆகணும். 2019 மார்ச் 31, ஞாயித்துக்கெழம மதியம். ஜெயில்லேர்ந்து வெளிய வந்த ஒரு பழைய ஆளுக்கு நல்ல துணிமணி எடுத்துக் குடுக்கணும்னு செக்யூரிட்டி யாரும் இல்லாம கடைக்கு வந்திருக்கார். அதே கேங்ல இருந்த ஒருத்தர் வந்து பேசுறார், போலீஸ்கிட்ட காட்டிக் குடுத்தவன்னு உன்னப் பத்தி ஊர்ல பேச்சு அடிபடுது, அத சரி பண்ணிக்கோன்னு நிப்சி சொல்றார், பேசிட்டுப் போன அந்த ஆள் கொஞ்ச நேரத்துல ரெண்டு துப்பாக்கியோட திரும்பி வந்து சுட்டுட்டார். நிப்சிக்கு வயசு 33. கேங் சண்டையக் கொறைக்க என்ன பண்ணலாம்னு மறுநாளே போலீஸ் அதிகாரிங்களோட மீட்டிங் இருந்துச்சுன்றத நெனச்சா வயிறு எரியுது. சுட்டவருக்கு 2023 பிப்ரவரியில குறைஞ்சது 60 வருஷம், அதுக்கு மேல ஆயுள் வரைக்கும்னு தீர்ப்பு.

ரிலீஸான வாரம் அமெரிக்காவோட பில்போர்டு ஆல்பம் தரவரிசையில 4-வது எடம் புடிச்ச ஆல்பம் சாவுக்கப்புறம் 2-க்கு ஏறுச்சு. உயிரோட இருந்தப்பவே கிராமி நாமினேஷன் கெடச்சும் அவார்ட் வரல, போனப்புறம் 2020-ல வேற ரெண்டு பாட்டுக்குக் குடுத்தாங்க. இந்த ஆல்பத்துக்கே அப்பவே குடுத்திருக்கணும்ன்றதுல எனக்கு சந்தேகமே இல்ல.

அஞ்சுக்கு நாலரை. ஷஃபிள் போடாதீங்க, முதல் பாட்டு விக்டரி லேப்லேர்ந்து வரிசையா ரைட் ஹேண்ட் டு காட் வரைக்கும் ஒரே மூச்சுல கேளுங்க, நேரமே இல்லன்னா முதல்ல டெடிகேஷன், அடுத்து ப்ளூ லேசஸ் 2. புடிச்சுப் போச்சுன்னா அப்படியே க்ரென்ஷா மிக்ஸ்டேப்புக்குப் போங்க, சவுண்ட் இவ்வளவு பாலிஷா இருக்காது ஆனா பசி அதுலதான் ஜாஸ்தி.