புரூஸ் டிக்கின்சனின் தனி அல்பம்: 1990ஆ, 1998ஆ?

இங்கிலாந்து ஹெவி மெட்டல் குழுவான அயன் மெய்டனின் பாடகர் புரூஸ் டிக்கின்சன் தனியாகச் செய்த இந்த இரண்டு அல்பங்களில் எதை முதலில் கேட்பது என்று கிளிநொச்சியில் மச்சான் ஒருவன் கேட்டான்.

1990இல் வந்த 'டாட்டூட் மில்லியனர்' அயன் மெய்டனில் இருந்துகொண்டே செய்தது, ஜனிக் கேர்ஸின் கிற்றாரோடு லேசான ரொக், பஸ்ஸில் போகும்போது கேட்கலாம், அவ்வளவுதான்.

1998இன் 'த கெமிக்கல் வெடிங்' வேறு சாமான். 1993இல் குழுவை விட்டு விலகியவர், றோய் ஸீ தயாரிப்பாளராகவும் கிற்றார்க்காரராகவும் நிற்க, பழைய கூட்டாளி ஏட்ரியன் ஸ்மித்தும் சேர, வில்லியம் பிளேக்கின் கவிதையுலகத்தைப் பிடித்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து பாடியிருக்கிறார். கிற்றாரின் சுருதியை நன்றாக இறக்கியிருக்கிறார்கள். இரணைமடுக் குளக்கட்டில் ஹெட்செட் போட்டுக் கேட்டபோது பின்னால் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வருகிறதென்று திரும்பிப் பார்த்தேன் (மெய்யாகத்தான்).

மச்சானுக்கு இரண்டாவதைத்தான் அனுப்பினேன். சத்தம் கூட என்கிறான்.