மாசிப் பட்டமும் வீட்டுக் கோழியும்: சிறுவிடையா, கிராமப்ரியாவா, வனராஜாவா?

கொல்லையில் நாலு பாத்தி காய்கறி, கூடவே அஞ்சாறு கோழி என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, எந்தக் கோழி அதிகம் முட்டை போடும் என்பதைத்தான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மாசியில் என்ன விதை ஊன்றப் போகிறீர்கள், கோழி எங்கே மேயப் போகிறது, இந்த இரண்டும் தெளிவாகிவிட்டால் எந்த இனம் என்பது பாதி முடிவாகிவிடும். மாசியும் பங்குனியும் தோட்டத்துக்கும் கோழிக்கும் ஒரே சமயத்தில் நெருக்கடியான காலம். வெண்டை, கொத்தவரை, பாகல், பீர்க்கன், சுரை எல்லாம் அப்போதுதான் முளைவிட்டு இரண்டு இலையோடு நிற்கும், தையில் அடை வைத்த கோழி அப்போதுதான் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வெளியே இறங்கும், வெயிலும் ஏறத் தொடங்கியிருக்கும்.

முதலில் இனங்களைப் பார்ப்போம். அசீல், அதாவது நம் பெருவிடை, வீட்டுத் தோட்டத்துக்கு வேண்டாம் என்பது என் கருத்து. உடம்பு பெரிது, முட்டை குறைவு, சேவல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. கடக்நாத் மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பக்கத்து இனம், 2018-இல் புவிசார் குறியீடு வாங்கியது; நல்ல கோழிதான், ஆனால் வீட்டுத் தேவைக்கு நாலு முட்டை என்பதற்காக அந்த விலை கொடுத்துக் குஞ்சு வாங்க வேண்டியதில்லை. ஆக மிஞ்சுவது மூன்று: நம் ஊர்ச் சின்ன நாட்டுக்கோழியான சிறுவிடை, கிராமப்ரியா, வனராஜா. பின்னது இரண்டும் ஹைதராபாத்தில் இருக்கும் மத்திய அரசின் கோழியின ஆராய்ச்சி நிறுவனம் புறக்கடை, அதாவது கொல்லை வளர்ப்புக்கென்றே உருவாக்கியவை. கிராமப்ரியா முட்டைக்கு, வனராஜா முட்டையும் கறியும் இரண்டுக்கும்.

கணக்கு மட்டும் பார்த்தால் கிராமப்ரியாதான் ஜெயிக்கும். கொல்லையில் மேயவிட்டு மேல்தீனியும் ஒழுங்காகக் கொடுத்தால் வருடத்துக்கு 160 முதல் 180 முட்டை வரை போடும். வனராஜா 100, 110. சிறுவிடை 60 முதல் 80-க்குள்தான், அதுவும் ஒரு ஈட்டுக்குப் பன்னிரண்டு, பதினைந்து முட்டை வைத்துவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். மூன்று பேர் இருக்கிற வீட்டில் தினமும் முட்டை வேண்டும் என்றால் சிறுவிடையை நம்பிப் பிரயோஜனமில்லை, இதை மறைத்துப் பேசுவது சரியில்லை. அப்புறம் ஒன்று, கிராமப்ரியா முட்டையும் பழுப்பு நிறம்தான், அதனால் சந்தையில் பழுப்பாக இருப்பதை மட்டும் பார்த்து நாட்டுக்கோழி முட்டை என்று கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

ஆனால் இந்தக் கணக்கில் வராத விஷயம் அடை. சிறுவிடை தானே அடை காத்து, 21 நாளில் பொரித்து, குஞ்சுகளைத் தானே வளர்த்து ஆளாக்கிவிடும். ஒரு முறை நாலு பெட்டை, ஒரு சேவல் வாங்கினால் போதும், அப்புறம் கூட்டம் தானாகப் பெருகும். கிராமப்ரியாவும் வனராஜாவும் அடைக்கு உட்காருவதை நம்ப முடியாது. முட்டை ஓய்ந்ததும் மறுபடி குஞ்சு வாங்க வேண்டும், வாங்கிய குஞ்சை முதல் ஆறு வாரம் பல்பு போட்டுச் சூடு கொடுத்து, குஞ்சுத் தீவனம் வைத்து, எலியும் பூனையும் அண்டாமல் காக்க வேண்டும். பகல் முழுக்க வீட்டில் ஆள் இல்லாதவர்களுக்கு இந்த ஆறு வாரம் பெரிய பாரம். சிறுவிடையில் அந்த வேலையைத் தாய்க்கோழி பார்த்துக்கொள்ளும், நாம் நொய்யும் தண்ணீரும் வைத்தால் போதும். தையில் அடை வைத்துவிட வேண்டும் என்பதில் மட்டும் கவனம் தேவை. கத்திரி வெயிலில் அடை வைத்தால் கூமுட்டை நிறைய விழும். அடைக்கு வைக்கிற முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது, கூடைக்கு அடியில் மணல் பரப்பி வெயில் காலத்தில் லேசாக ஈரம் தெளித்துவிட்டால் நல்லது.

சரி, இப்போது தோட்டத்தின் பக்கம் நின்று பார்ப்போம், இங்கேதான் கதை திரும்புகிறது. தோட்டத்துக்கு அதிகச் சேதம் செய்வது குஞ்சோடு இருக்கிற தாய்க்கோழி. தனிக்கோழி பசித்தால் கிளறும், குஞ்சோடு இருக்கிற கோழி காலையிலிருந்து மாலை வரை நிறுத்தாமல் கிளறும், கிளறிக் கிளறிக் குஞ்சுகளைக் கூப்பிட்டுக் காட்டும். புதிதாகக் கொத்திய பாத்தி அதற்கு மிகவும் பிடித்த இடம், ஒரே ஒரு பகல் போதும், ஊன்றிய விதை மொத்தமும் மேலே வந்துவிடும். தண்ணீர் விடாத ஓரப் பாத்தியாக இருந்தால் அதில் குழி பறித்து மண் குளியல் வேறு போடும். ஆக, சிறுவிடையின் பெரிய பலமான அடையும் குஞ்சும்தான் மாசித் தோட்டத்துக்குப் பெரிய ஆபத்து. கிராமப்ரியாவில் இந்தத் தொல்லை இல்லை. வனராஜா இன்னும் சாது, உடம்பு கனம் என்பதால் நாலடி வேலியே போதும். சிறுவிடை ஐந்தடி வேலியில் ஏறி உட்கார்ந்து அந்தப் பக்கம் குதிக்கும், ஆறடியாவது வேண்டும், இல்லையென்றால் ஒரு பக்க இறக்கையின் நீளச் சிறகுகளை மட்டும் வெட்டிவிட வேண்டும்.

இதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. தாய்க்கோழியைப் பஞ்சாரத்தில், அதாவது கோழி கவிழ்க்கிற மூங்கில் கூடையில் கவிழ்த்துவிட்டு, ஒரு ஓரத்தை மட்டும் செங்கல் வைத்துக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள். குஞ்சுகள் வெளியே போய்ப் பூச்சி பொறுக்கிவிட்டு உள்ளே வரும், தாய் உள்ளேயே இருக்கும். சின்னக் குஞ்சுகள் கிளறி எதுவும் கெட்டுப்போகாது. காக்கையும் பருந்தும் வருகிற ஊராக இருந்தால் பஞ்சாரத்தைச் சுற்றி பழைய வலையை விரித்துக் கட்டுங்கள். ஒரு மண் சட்டியில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், வைக்கோல் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடுகிற இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் சட்டி நிறையக் கரையான் இருக்கும். அதைக் குஞ்சுகளுக்குத் தட்டிவிட்டால் புரதத்துக்குத் தனியாகச் செலவே வேண்டாம். வெண்டை, கத்தரிச் செடிகள் எல்லாம் ஒன்றரை அடி உயரம் வந்த பிறகு கோழியைத் திறந்துவிடலாம், அப்போது பெரிதாக ஒன்றும் ஆகாது.

அடுத்த கேள்வி வேலி யாருக்கு, கோழிக்கா தோட்டத்துக்கா. பலரும் கோழியை அடைத்துவிட்டுத் தோட்டத்தைத் திறந்து வைக்கிறார்கள். நான் எதிர்க்கட்சி. கோழியை அடைத்தால் முழுத் தீனியும் நம் கையிலிருந்து போக வேண்டும், வளர்ந்த கோழி ஒன்றுக்கு ஒரு நாளைக்கு நூறு கிராமுக்குக் குறையாது. மேயவிட்டால் கம்பு, நொய், தவிடு என்று அதில் பாதிக்கும் குறைவாகவே கொடுத்தால் போதும். கீரை, வெண்டை, தக்காளி, கத்தரி, மிளகாய் இருக்கிற நாலு பாத்தியைச் சுற்றி மட்டும் வலை அடிப்பது, கொல்லை முழுவதற்கும் அடிப்பதைவிட மலிவு. கீரைப் பாத்திக்கு வலையில் சமரசமே கூடாது, அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை எதுவானாலும் கோழி மொட்டையடித்துவிடும். பழுத்த மிளகாயும் தப்பாது, பறவைகளுக்குக் காரம் உறைக்காது.

வேலிக்கு வெளியே என்ன போடுவது? பந்தல். என்னைக் கேட்டால் கோழி வளர்க்கிற வீட்டுக்குக் கோடையில் பந்தல் காய்தான் சரியான தோட்டம். பாகல், பீர்க்கன், புடலை, சுரை எதுவும் கோழிக்கு எட்டாது, அடியில் நல்ல நிழல், பங்குனி சித்திரை வெயிலில் கோழிகள் அங்கேதான் கிடக்கும். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இளைத்து இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும், அதற்கு இந்த நிழல் தகரக் கூரையைவிடப் பத்து மடங்கு மேல். இன்னொரு லாபமும் உண்டு. பாகலிலும் பீர்க்கனிலும் பழ ஈ குத்திய பிஞ்சு மஞ்சளாகி விழும், உள்ளே வெள்ளைப் புழு நெளியும், அந்தப் புழு வெளியே வந்து மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வரும். பந்தலுக்குக் கீழே கோழி கிளறினால் விழுந்த பிஞ்சையும் கொத்தும், மண்ணில் இருக்கிற கூட்டுப்புழுவையும் விடாது. கொடியின் தூரை மட்டும் இரண்டடி உயரத்துக்கு வலையோ முள்ளோ கட்டிக் காப்பாற்றுங்கள். தூரைச் சுற்றி மூடாக்குக்குச் சருகு போட்டால் கோழி சிதறடித்து வேரை வெளியே எடுத்துவிடும், தென்னை மட்டையை முழுசாக அடுக்கி மேலே கல் வையுங்கள்.

அடியில்லாத நகர்த்தும் கூண்டு என்று ஒரு முறை இருக்கிறது. தையில் அவரை, மொச்சை ஓய்ந்த பாத்தியில் கூண்டை வைத்து இரண்டு வாரம் கோழியை விட்டால் களை விதை, புழு எல்லாவற்றையும் தின்று மண்ணையும் கிளறிக் கொடுத்துவிடும். இதற்குக் கிராமப்ரியா தோது, அடைப்பில் பதற்றப்படாது. மாசி விதைப்புக்குப் பிறகு அந்தக் கூண்டு வேண்டாம், வெயிலில் கோழி தாங்காது.

எருவைப் பற்றி ஒரு வார்த்தை. கோழி எச்சத்தைப் பச்சையாகப் பாத்தியில் போட்டால் செடி கருகும், பிழைத்தாலும் இலையாகத் தழைத்துப் பூ விடாமல் அசுவினிப் பூச்சியைக் கூப்பிடும். கூட்டில் நெல் உமியோ தென்னை நார்க்கழிவோ பரப்பி, அதை எச்சத்தோடு அள்ளிக் குவித்து, நாற்றம் போகிற வரை மூன்று நாலு மாதம் மக்கவைத்துப் போடுங்கள். வெள்ளரி, கொத்தமல்லி, புதினா மாதிரிப் பச்சையாகத் தின்கிறவற்றுக்கு மக்காத எருவை நெருங்கவிடாதீர்கள், வயிற்றுக்கு ஆகாத கிருமிகள் அதில் இருக்கும்.

ஆகவே என் சிபாரிசு இப்படி. பந்தல் போட இடம் இருந்து, வருடா வருடம் குஞ்சு வாங்கும் எண்ணம் இல்லையென்றால் சிறுவிடை, இரவுக்குக் கீரியும் மரநாயும் நுழையாத கூடு ஒன்று. கீரையும் தக்காளியும்தான் முக்கியம், தினமும் முட்டையும் வேண்டும் என்றால் கிராமப்ரியா நாலு. வனராஜாவை, கறிக்கும் சேர்த்து வளர்க்கிறவர்கள் எடுங்கள், ஆனால் தீனியை அள்ளிக் கொட்டாதீர்கள், கொழுப்பு வைத்தால் முட்டை குறைந்துவிடும். இரண்டு இனத்தையும் சேர்த்து வளர்த்து, கிராமப்ரியா முட்டையைச் சிறுவிடையின் அடியில் வைத்துப் பொரிக்கிறவர்கள் உண்டு. அது நல்ல யோசனைதான், ஆனால் சிறுவிடைச் சேவல் சேர்ந்த முட்டையில் வருகிற குஞ்சு தாய் மாதிரியே முட்டை போடும் என்று எதிர்பார்க்கக்கூடாது.

எந்த இனமானாலும் கழிச்சல் நோய்த் தடுப்பூசி தவறக்கூடாது. வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கூடு காலியாகிவிடும், வந்த பிறகு கொடுக்க மருந்து கிடையாது. முதல் வாரத்தில் குஞ்சுக்குக் கண்ணில் சொட்டு, எட்டு வாரத்தில் இறக்கையில் ஊசி. தமிழ்நாட்டில் கால்நடைத் துறை பிப்ரவரியில் ஊர் ஊராக இலவச முகாம் போடுவது வழக்கம், அதாவது நீங்கள் விதை ஊன்றுகிற அதே வாரங்கள். முகாம் வருகிற அன்று காலையில் கூட்டைத் திறக்காதீர்கள், வெளியே விட்டுவிட்டால் சிறுவிடையைப் பகலில் பிடிக்க முடியாது.