பெரியவருக்காக பவர் ஏற்றிய 50 சிசி பைக்கை என் மகளுக்காக இறக்கினேன்: இரண்டு வருட அனுபவம்

மகளுக்கு ஆறு வயதானபோது பழைய ஹோண்டா சிஆர்எஃப்50எஃப் ஒன்று வாங்கினேன். இப்போது அவளுக்கு எட்டு. அநேகமாக வாராவாரம் ஓடுகிறது, வேலி போட்ட மண் தரையில் மட்டும். விளக்கு, இண்டிகேட்டர் எதுவும் இல்லாத வண்டி இது, ரோட்டுக்கானது அல்ல.

வாங்கும்போது வண்டி குழந்தை ஓட்டும் நிலையில் இல்லை. முன்பு வைத்திருந்தவர் தான் ஓட்டுவதற்காக 88 சிசி கிட் (இன்ஜினைப் பெரிதாக்கும் சிலிண்டர், பிஸ்டன் செட்), பெரிய கார்புரேட்டர், இறுக்கமான ஸ்பிரிங், உயரமான ஹேண்டில்பார், சத்தமான சைலன்சர் எல்லாம் மாட்டியிருந்தார். "சின்னப் பிள்ளைங்க வண்டிதாங்க, பவர் மட்டும் கொஞ்சம் கூட்டியிருக்கு" என்றார். அந்தக் கொஞ்சத்தைக் கழற்ற எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

முதலில் இன்ஜினைத் தொடாமல் சமாளிக்கலாம் என்றுதான் நினைத்தேன். இந்த மாடலில் கம்பெனியே ஆக்சிலேட்டர் பிடியில் ஒரு ஸ்க்ரூ வைத்திருக்கிறது, உள்ளே திருப்பத் திருப்ப ஆக்சிலேட்டர் திறக்கும் அளவு குறையும். பழையவர் அந்தப் பிடியையே மாற்றிவிட்டதால் ஒரிஜினலைத் தேடிப் பிடித்து மாட்டினேன். அப்படியும் சரிவரவில்லை. பெரிய கார்புரேட்டரில் கால்வாசி திறந்தாலே வண்டி வெடுக்கென்று கிளம்பியது; நானே உட்கார்ந்து பார்த்தபோது முன்சக்கரம் லேசானது தெரிந்தது. இருபது கிலோ குழந்தையை அதில் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் சிலிண்டர், பிஸ்டன், ஹெட், கார்புரேட்டர் எல்லாவற்றையும் பழையபடி 49 சிசிக்கே கொண்டுவந்தேன். கிளட்ச் லிவர் இல்லாத மூன்று கியர், கால் கியரை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். 1958-ல் வந்த ஹோண்டா சூப்பர் கப் வண்டியின், சிலிண்டர் படுத்தவாக்கில் இருக்கும் இன்ஜின் பரம்பரைதான் இது, கைக்கு அடக்கமானது, வீட்டிலேயே பிரித்து மாட்டலாம்.

அடுத்தது உயரம். கம்பெனி கணக்கில் சீட் ஏறக்குறைய 55 செ.மீ. என் கைக்கு வந்தபோது கனமான ஸ்பிரிங்கும் தடித்த சீட்டுமாக 62 இருந்தது, அவளுக்குக் கால் நுனிதான் எட்டியது. வண்டியோ ஐம்பது கிலோ, சாய்ந்தால் அவளால் பிடிக்க முடியாது. முன்னும் பின்னும் பழைய ஸ்பிரிங், பழைய சீட் போட்ட அன்று இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. அதுவரை ஹேண்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தவள் அன்றுதான் தோளைத் தளர்த்தினாள்.

இனி, மிக முக்கியமான விஷயம். எல்லாம் முடித்து ஓட்டிப் பார்க்கும்போது ஹேண்டிலை முழுக்க இடதுபக்கம் ஒடித்தால் இன்ஜின் சத்தம் தானாக ஏறியது. உயரமான ஹேண்டிலுக்காகச் சுற்றி இழுத்திருந்த ஆக்சிலேட்டர் கேபிள், திருப்பும்போது விறைத்து ஆக்சிலேட்டரைத் திறந்துவிட்டது. அதைச் சரிசெய்தும் கையை எடுத்தால் பிடி டக்கென்று திரும்பவில்லை. பார்த்தால், புதிதாக மாட்டிய ரப்பர் கிரிப்பின் நுனி பார் முனையில் உரசிக்கொண்டிருந்தது. இரண்டு மில்லிமீட்டர் அறுத்துவிட்டேன், சரியாகிவிட்டது. இன்றைக்கும் அவள் ஏறுவதற்கு முன் ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி, ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டுப் பார்க்காமல் வண்டியைக் கொடுப்பதில்லை. "அப்பா, டக் சத்தம் வந்துடுச்சா?" என்று அவளே கேட்பாள். கேட்காவிட்டால்தான் எனக்குக் கவலை.

பிரேக் லிவர் அவள் விரலுக்கு எட்டவில்லை, பிஞ்சு விரலுக்கான குட்டை லிவரும் புதுக் கேபிளும் போட்டேன். முன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) மூடியையும் சைலன்சர் சூடு காலில் படாமல் தடுக்கும் தகட்டையும் பழையவர் அழகுக்காகக் கழற்றிப் போட்டிருந்தார். இரண்டையும் தேடி வாங்கினேன். விரலும் கெண்டைக்காலும் போகிற இடம், இதில் சமரசமே கிடையாது. மணிக்கட்டில் கயிறு கட்டும் கில் சுவிட்ச் (விழுந்து கயிறு இழுபட்டால் இன்ஜினை நிறுத்திவிடும்) மாட்டியதும் நல்ல முடிவு. ஆனால் முதலில் போட்ட மலிவான சுவிட்சில் தண்ணீர் இறங்கி வண்டி நின்று நின்று போனது, கொஞ்சம் தரமானதாக மாற்றிய பிறகு தொந்தரவில்லை.

இரண்டு வருடப் பராமரிப்பு சுலபம்தான். ஆயில் 0.6 லிட்டர் போதும், மலிவாக முடிகிற வேலை என்பதால் அடிக்கடி மாற்றுகிறேன். வால்வு இடைவெளி குளிர்ந்த இன்ஜினில் 0.05 மி.மீ., ஒரே ஒருமுறைதான் சரிசெய்ய வேண்டியிருந்தது. புழுதியில் ஓடுவதால் ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கழுவி எண்ணெய் போடுவதுதான் ஓயாத வேலை. ஒருமுறை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்ததில் பெட்ரோல் கெட்டு கார்புரேட்டரின் சின்ன ஜெட் (பெட்ரோல் போகும் நுண்துளை) அடைத்துக்கொண்டது. கிக்கரை உதைத்து உதைத்துக் கால் வலித்ததுதான் மிச்சம். அதற்கப்புறம் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுகிறேன். கீழே விழுந்ததில் ஒரு ஃபுட்ரெஸ்ட் வளைந்தது, அவ்வளவுதான்.

ஓட்டுபவர் எடை 40 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பது கம்பெனி கணக்கு. அவள் இப்போது 27. ஆக்சிலேட்டர் ஸ்க்ரூவை இரண்டு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து, போன மாதம்தான் முழுக்கத் திறந்துவிட்டேன். நேற்று அவள் தம்பி முதல்முறையாக ஹெல்மெட்டோடு வந்து நின்றான், கால் எட்டுகிறது. ஸ்க்ரூவை மறுபடியும் கடைசி வரை உள்ளே திருப்பியாயிற்று.