மூன்றாமவருக்கு வாக்களிப்போருக்கு இலங்கையின் வாக்குச்சீட்டுகள் எந்தளவு உதவுகின்றன?

வெல்ல வாய்ப்பில்லாதவருக்குப் போடும் வாக்கு வீண்தானே என்ற பேச்சு இலங்கையில் ஒவ்வொரு தேர்தலிலும் எழும். அது வீணா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது கையில் தரப்படும் வாக்குச்சீட்டும் அதை எண்ணும் விதமும்தான். ஜனாதிபதித் தேர்தல் சீட்டும் நாடாளுமன்றத் தேர்தல் சீட்டும் மூன்றாம் தரப்பு வாக்கை வெவ்வேறு விதமாக நடத்துகின்றன. இரண்டையும் அந்த வாக்காளரின் பக்கத்தில் நின்று எடைபோட்டால், ஜனாதிபதிச் சீட்டு அருமையான ஏற்பாடு, ஆனால் அதன் பாதியை மக்கள் தொடுவதே இல்லை. நாடாளுமன்றச் சீட்டு கேட்காமலே பலன் தரும், ஆனால் 5 வீதம் என்ற கோட்டுக்குக் கீழே போனால் இரக்கமே காட்டாது.

முதலில் ஜனாதிபதிச் சீட்டு. இதில் ஒரே ஒரு புள்ளடி போட்டுவிட்டு வரலாம். அல்லது 1 என்று எழுதி, தொடர்ந்து வேறு இருவருக்கு 2, 3 என்று விருப்பத் தெரிவுகளைக் கொடுக்கலாம். செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் யாருக்காவது கிடைத்துவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. கிடைக்காவிட்டால், முதல் இரண்டு இடங்களில் உள்ளவர்களை வைத்துக்கொண்டு மற்ற எல்லோரையும் ஒரே வெட்டில் நீக்குகிறார்கள். நீக்கப்பட்டவர்களுக்கு விழுந்த சீட்டுகளைத் திரும்ப எடுத்து, 2 என்ற இலக்கம் மீதமுள்ள இருவரில் ஒருவருக்கு இருந்தால் அவர் கணக்கில் சேர்ப்பார்கள். 2 வேறு யாருக்கோ போயிருந்தால் 3 ஐப் பார்ப்பார்கள். 3 உம் அந்த இருவருக்கு இல்லையென்றால் அந்தச் சீட்டின் பயணம் அத்தோடு நின்றுவிடும்.

இந்த ஏற்பாடு அரசியலமைப்பிலும் 1981 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஜனாதிபதித் தேர்தல்கள் சட்டத்திலும் இருக்கிறது. 1982 இல் நடந்த முதலாவது ஜனாதிபதித் தேர்தலிலிருந்து சீட்டில் இந்த வசதி உண்டு. ஆனால் அது முதன்முதலாக வேலைக்கு வந்தது 2024 செப்டெம்பர் 21 தேர்தலில்தான். அதற்கு முன் நடந்த எல்லாத் தேர்தல்களிலும் முதல் எண்ணிக்கையிலேயே ஒருவர் பாதியைத் தாண்டினார். நான்கு தசாப்தங்கள் தேவைப்படாமல் கிடந்ததால், அதை மக்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் கட்சிகளிடமும் வளரவில்லை.

2024 கணக்கு அதைத் துல்லியமாகக் காட்டுகிறது. அநுர குமார திசாநாயக்கவுக்கு 5,634,915 வாக்குகள், அதாவது 42.31 வீதம். சஜித் பிரேமதாசவுக்கு 4,363,035. மொத்தச் செல்லுபடியான வாக்குகள் 13,319,616. ஆகவே நீக்கப்பட்ட மற்ற எல்லோருக்கும் விழுந்தவை 33 இலட்சத்து 21 ஆயிரத்து 666. இத்தனை சீட்டுகளிலிருந்து இரண்டாவது எண்ணிக்கையில் அநுரவுக்குச் சேர்ந்தவை 105,264, சஜித்துக்குச் சேர்ந்தவை 167,867. இரண்டையும் கூட்டினால் 273,131. நூற்றுக்கு எட்டு வாக்குகள்தான் போய்ச் சேர்ந்தன. முதல் இருவருக்கும் இடையிலிருந்த வித்தியாசம் 12 இலட்சத்து 71 ஆயிரத்து 880. இடையில் நின்றுபோன சீட்டுகளோ 30 இலட்சத்துக்கு மேல். முடிவை எந்தப் பக்கமும் சாய்க்கக்கூடிய அளவு வாக்கு, சீட்டிலேயே இடம் இருந்தும், பேசாமல் போனது.

சீட்டு பேசாமல் போவதற்கு மூன்று வழிகள் உண்டு. புள்ளடியோடு நிறுத்திக்கொள்வது ஒன்று. 1 மட்டும் எழுதிவிட்டு வருவது இன்னொன்று, எண்ணிக்கையில் அதுவும் புள்ளடி போலத்தான். மூன்றாவது வழி கவனமாக வாக்களிப்பவர்களையும் சிக்கவைக்கும்: 1, 2, 3 மூன்றையும் ஒழுங்காக எழுதி, மூன்றையும் வெல்ல முடியாதவர்களுக்கே கொடுத்துவிடுவது. அப்படிப்பட்ட சீட்டு முழுமையாகச் செல்லுபடியாகும், ஆனால் இரண்டாவது எண்ணிக்கையில் அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை.

சரியாக நிரப்புவது கடினமல்ல. போட்டி தெளிவாக இருவருக்கிடையில் என்றால், 1 உங்கள் மனதுக்குரியவருக்கு, 2 அந்த இருவரில் நீங்கள் ஓரளவாவது ஏற்பவருக்கு. 2 ஐயும் இன்னொரு சிறிய வேட்பாளருக்குக் கொடுக்க விரும்பினால், 3 ஐக் கட்டாயம் அந்த இருவரில் ஒருவருக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2024 போல மும்முனைப் போட்டி என்றால் 2, 3 இரண்டையும் அந்த மூவருக்குள்ளேயே செலவழிக்க வேண்டும். மூன்று பெரியவர்களில் யார் இருவர் மிஞ்சுவார்கள் என்று முன்கூட்டியே தெரியாது. ஆனால் மூவரில் எந்த இருவரை 2, 3 என்று வரிசைப்படுத்தினாலும் அவர்களில் ஒருவராவது மிஞ்சியே தீருவார். மூவரில் நீங்கள் அதிகம் ஏற்பவருக்கு 2, அடுத்தவருக்கு 3, ஒருபோதும் வரக்கூடாதவருக்கு ஒன்றுமில்லை. எந்த இருவர் மிஞ்சினாலும் உங்கள் சீட்டு சரியான ஆளிடம் போய் நிற்கும். இப்படி நிரப்பினால், மூன்றாமவருக்குப் போட்டதால் பிடிக்காதவர் வந்துவிடுவாரோ என்ற பயத்துக்கே இடமில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே ஜனாதிபதிச் சீட்டை நான் உயர்வாக மதிக்கிறேன்.

நிராகரிப்பு பற்றியும் சொல்ல வேண்டும். 2024 இல் நிராகரிக்கப்பட்டவை 300,300 வாக்குகள். 1 இல்லாமல் 2, 3 மட்டும் எழுதுவதும், 1 ஐ இருவருக்குக் கொடுப்பதும், இரண்டு பேருக்குப் புள்ளடி போடுவதும் சீட்டைக் கெடுக்கும். புள்ளடியையும் இலக்கத்தையும் ஒரே சீட்டில் கலக்கவே வேண்டாம். தெரிவுகளைக் கொடுக்க முடிவெடுத்துவிட்டால் புள்ளடியை மறந்துவிட்டு இலக்கங்களோடு நில்லுங்கள். சீட்டு மிக நீளமானது, 2024 இல் 39 பெயர்கள் அச்சாகியிருந்தன. அதனால் மூன்று பெயர்களும் எந்தச் சின்னத்துக்கு அருகில் இருக்கின்றன என்று வீட்டிலேயே மாதிரிச் சீட்டில் பார்த்துவிட்டுப் போவது நல்லது. மறைப்புக்குள் நின்று மேலும் கீழும் தேடும்போதுதான் இலக்கம் பக்கத்துக் கட்டத்தில் விழுகிறது.

இந்தச் சீட்டின் பெரிய குறை, எல்லோரையும் ஒரேயடியாக நீக்குவது. அயர்லாந்தின் ஜனாதிபதித் தேர்தலில் கடைசியில் இருப்பவர்களிலிருந்து தொடங்கி நீக்குவார்கள். கீழிருப்பவர்களின் அடுத்த தெரிவுகளைச் சேர்த்துக்கொண்டு மூன்றாமிடத்தவர் மேலேறி வர அங்கே வழி இருக்கிறது. இலங்கையில் அது கிடையாது. 2024 இல் 17.27 வீதம் பெற்ற ரணில் விக்கிரமசிங்கவுக்கும் 2.57 வீதம் பெற்ற நாமல் ராஜபக்ஷவுக்கும் ஒரே கதிதான். இரண்டாமிடம் வராத வேட்பாளர் வெல்வதற்கு இந்தச் சீட்டு உதவாது. அவருக்கு வாக்களித்தவர் தன் பலத்தைக் காட்டிவிட்டு இறுதிப் போட்டியிலும் கலந்துகொள்வதற்கு மட்டுமே உதவும்.

வாக்களிக்காமல் வீட்டில் இருப்பதும் மூன்றாமவருக்கு வாக்களிப்பதும் ஒன்றுதான் என்று நினைப்போர் நிறையப் பேர். கணக்கில் இரண்டும் நேரெதிர். 50 வீதம் என்பது செல்லுபடியான வாக்குகளின் பாதி. வீட்டில் இருந்தாலும் சீட்டைக் கெடுத்தாலும் அந்தக் கோடு கீழே இறங்கி, முன்னணியில் இருப்பவருக்கு வேலை இலகுவாகும். மூன்றாமவருக்குப் போட்டால் கோடு மேலே ஏறும். 2005 தேர்தலில் மகிந்த ராஜபக்ஷ பெற்றது 4,887,152, மொத்தச் செல்லுபடியான வாக்குகள் 9,717,039. வேறு யாராவது மூன்றாம் வேட்பாளருக்கு இன்னும் 57,265 செல்லுபடியான வாக்குகள் விழுந்திருந்தால் மகிந்த பாதியைத் தாண்டியிருக்க மாட்டார், இரண்டாம் எண்ணிக்கை நடந்திருக்கும். அந்தத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர் 1.21 வீதம். ரணில் விக்கிரமசிங்கவுக்கும் மகிந்தவுக்கும் இடையிலிருந்த வித்தியாசம் 180,786 வாக்குகள் மட்டுமே என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யாரையும் பிடிக்கவில்லை என்பவருக்கும் செல்லுபடியான ஒரு வாக்கு, கெடுத்த சீட்டைவிட வலிமையான கருவி.

பலத்தைக் காட்டும் வாக்குக்கு மதிப்பு இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் அது உடனே கைக்கு வராது. 2019 ஜனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்கவை நிறுத்திய தேசிய மக்கள் சக்தி பெற்றது 418,553 வாக்குகள், 3.16 வீதம். ஐந்து ஆண்டுகளில் அதே வேட்பாளர் ஜனாதிபதியானார். அந்த மூன்று வீதம்தான் அவரைக் கொண்டுவந்தது என்று சொல்ல முடியாது, 2022 பொருளாதார நெருக்கடி எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. ஆனாலும் நெருக்கடி வந்தபோது ஊர் ஊராக ஆட்களும் அமைப்பும் அவர்களிடம் தயாராக இருந்தன. தமிழ்ப் பொது வேட்பாளராக 2024 இல் சங்குச் சின்னத்தில் நின்ற பா. அரியநேத்திரன் நாடு முழுவதும் 226,343 வாக்குகளும் யாழ்ப்பாண மாவட்டத்தில் 116,688 வாக்குகளும் பெற்றார். அதே மாவட்டத்தில் சஜித்துக்கு 121,177. ஒரு மாவட்டத்தின் மனநிலையைக் காட்ட இதைவிடத் தெளிவான எண் கிடையாது. ஆனால் ஜனாதிபதித் தேர்தலில் மாவட்ட வெற்றி என்று ஒன்றில்லை. 1 ஐச் சங்குக்குக் கொடுத்தவர் 2 ஐ முன்னணியில் இருந்த ஒருவருக்குக் கொடுத்திருந்தால், 1 இன் செய்தி அப்படியே இருந்திருக்கும், ஒரு வாக்கும் குறைந்திருக்காது. 2, 3 ஐக் கொடுத்தால் கொள்கை நீர்த்துப்போகும் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. முதல் விருப்பு தனியாக எண்ணப்பட்டு, தனியாக வெளியிடப்படுகிறது.

நாடாளுமன்றச் சீட்டு வேறு ரகம். மேலே கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ ஒரு புள்ளடி, கீழே வேட்பாளர் இலக்கங்களில் மூன்று வரை விருப்பு வாக்கு. பெயர் விருப்பு வாக்கு என்றாலும் இது அதே கட்சிக்குள் யார் போவது என்பதைத்தான் தீர்மானிக்கும், வேறு கட்சிக்குத் தாவாது. ஆகவே இங்கே உங்கள் வாக்குக்கு இரண்டாவது உயிர் இல்லை. அதற்குப் பதிலாக விகிதாசாரம் இருக்கிறது.

எண்ணும் விதத்தை 2024 யாழ்ப்பாண மாவட்ட முடிவில் அப்படியே பார்க்கலாம். ஆறு ஆசனங்கள். மாவட்டத்தில் 5 வீதத்துக்குக் குறைவாகப் பெற்ற கட்சிகளும் குழுக்களும் முதலில் கழிக்கப்படும். முன்பு இந்த வெட்டுப்புள்ளி எட்டில் ஒரு பங்காக, 12.5 வீதமாக இருந்தது, 1988 இல் 15 ஆவது திருத்தம் அதை இருபதில் ஒன்றாக்கியது. அதிக வாக்குப் பெற்ற கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் போக, மிச்சம் ஐந்து. கழித்த பிறகு மிஞ்சிய வாக்குகளை ஐந்தால் வகுத்தால் ஓர் ஆசனத்துக்குச் சுமார் 48 ஆயிரம் வாக்குகள். தேசிய மக்கள் சக்தி 80,830 பெற்றது: ஒரு முழு ஆசனம், கையில் 32 ஆயிரத்துச் சொச்சம் மிச்சம். இலங்கைத் தமிழரசுக் கட்சி 63,327: ஒரு முழு ஆசனம், மிச்சம் 15 ஆயிரம். இன்னும் மூன்று ஆசனங்களை மிச்ச வாக்குகளின் வரிசையில் பங்கிட வேண்டும். அவை தேசிய மக்கள் சக்திக்கு ஒன்று, 27,986 பெற்ற அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசுக்கு ஒன்று, 27,855 பெற்ற 17 ஆம் இலக்கச் சுயேச்சைக் குழுவுக்கு ஒன்று என்று போயின.

கவனியுங்கள், சிறிய தரப்புகள் இரண்டும் முழு விலையில் சற்றே பாதிக்கு மேல் கொடுத்து ஆசனம் வாங்கின. அதேவேளை தமிழரசுக் கட்சியின் 15 ஆயிரம் வாக்குகள் எந்த ஆசனத்தையும் தரவில்லை. பெரிய கட்சிக்குப் போட்டால் வீணாகாது என்பது விகிதாசாரத்தில் உண்மையல்ல. மிச்ச வரிசையில் எந்தக் கட்சி எங்கே நிற்கும் என்பதே பலனைத் தீர்மானிக்கிறது. யாழ்ப்பாணம் போன்ற ஆறு ஆசன மாவட்டத்தில், 8 வீதத்தைத் தொடக்கூடிய மூன்றாம் தரப்புக்குப் போடும் வாக்கு நல்ல முதலீடு. 6, 7 வீதத்தில் நிற்பவர் 5 வீதக் கோட்டைத் தாண்டியும் வெறுங்கையோடு திரும்பக்கூடும். 5 இன் கீழ் என்றால் வாக்கு கணக்கிலிருந்தே போய்விடும், அதோடு மற்றவர்களுக்கு ஆசன விலையைக் குறைத்தும் கொடுக்கும். ஒரே ஆதரவுத் தளத்தில் நாலைந்து குழுக்கள் தனித்தனியாக இறங்கும்போது நடப்பது இதுதான். அதில் குற்றம் வாக்காளருடையதல்ல, பட்டியல் போட்டவர்களுடையது.

தேசியப் பட்டியல் இன்னொரு வாசல். 29 ஆசனங்கள் நாடு முழுவதும் பெற்ற மொத்த வாக்குகளுக்கு ஏற்பப் பங்கிடப்படுகின்றன, இங்கே வெட்டுப்புள்ளி இல்லை. 2024 இல் ஒரு முழு ஆசனத்துக்கு ஏறக்குறைய 3 இலட்சத்து 84 ஆயிரம் வாக்குகள் தேவைப்பட்டன. 178,006 பெற்ற சர்வஜன அதிகாரமும் 87,038 பெற்ற ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரசும் மிச்ச வரிசையில் ஆளுக்கொன்று பெற்றன. மாவட்டத்தில் தோற்ற வாக்கும் இங்கே வந்து சேரும். ஒரே மாவட்டத்தில் மட்டும் நிற்கும் சுயேச்சைக் குழுவுக்கு இந்த வாசல் நடைமுறையில் மூடியதுதான். ஆகவே இரண்டு சிறிய தரப்புகளுக்கிடையில் தயங்கினால், பல மாவட்டங்களில் நிற்கும் கட்சிக்கே என் சிபாரிசு.

வாக்களிக்கப் போகுமுன் பார்க்க வேண்டியவை: ஜனாதிபதித் தேர்தல் என்றால் முன்னணியில் எத்தனை பேர் என்பது மட்டும் போதும், 2 ஐயும் 3 ஐயும் எங்கே வைப்பது என்று அது சொல்லிவிடும். நாடாளுமன்றத் தேர்தல் என்றால் உங்கள் மாவட்டத்துக்கு எத்தனை ஆசனங்கள், கடந்த முறை கடைசி ஆசனம் எத்தனை வாக்குக்குப் போனது, உங்கள் தெரிவு அந்த எண்ணை எட்டுமா என்பவை. முதல் இரண்டும் தேர்தல்கள் ஆணைக்குழு வெளியிட்ட மாவட்ட முடிவுத் தாளிலிருந்து கணக்கிட்டு எடுக்கக்கூடியவை.