ரொட்ரெக்ஸா, பழைய ஈட்டனா?

இரண்டும் சுப்பர்சார்ஜர்கள், அதாவது எஞ்சின் பெல்ட்டால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் சாமான்கள். நான் போட்டது ஈட்டன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுநிலைத் தீர்ப்பு என்று நினைத்து வாசிக்க வேண்டாம்.

வாகனம் 1992ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர், அதாவது மஸ்டா எம்எக்ஸ்-5. 1600 சிசி. கொழும்பு வெள்ளவத்தையில் கடற்பக்க ஒழுங்கை ஒன்றில் போர்ட்டிக்கோவுக்குக் கீழே நிற்கிறது. 2020இலிருந்து ஐந்து வருடம் வாகன இறக்குமதி நின்றுபோனதால், மாற்றி வாங்கும் எண்ணத்தை விட்டு இருப்பதையே கொஞ்சம் வேகமாக்கலாம் என்று இறங்கினேன். புகையின் வேகத்தில் சுழன்று காற்றைத் தள்ளும் டர்போவை முதல் நாளே கழித்துவிட்டேன். சைலன்சர் பக்கம் முழுக்கக் கழற்றி, எஞ்சின் ஓயிலும் இழுத்துக் கொடுக்க வேண்டும். சனி ஞாயிறு மட்டும் ஸ்பானர் பிடிக்கிறவனுக்கு அது கட்டாது.

மிஞ்சியது இரண்டு சுப்பர்சார்ஜர்கள். ஒன்று டென்மார்க்கின் ரொட்ரெக்ஸ், புத்தம் புதுசு, பூட்டும் சாமான்களோடு சேர்ந்த கிற்றாக வரும். மற்றது ஈட்டன் எம்45, பழைய மினி கூப்பர் எஸ்ஸில் இருந்தது, பஞ்சிகாவத்தையில் பாவித்த சாமானாகக் கிடைத்தது.

ஓடும் விதம் இரண்டுக்கும் வேறு. ரொட்ரெக்ஸ் விசிறி வகை. எஞ்சின் சுற்று பாதியானால் அழுத்தம் கால்பங்காகிவிடும். நிமிடத்துக்கு 7000 சுற்றில் 8 பிஎஸ்ஐ அழுத்தம் தருவது 3500இல் 2தான் தரும். கொழும்பிலிருந்து காலி நகருக்குப் போகும் காலி வீதியில் பம்பலப்பிட்டிச் சந்திக்கும் தெஹிவளைக்கும் இடையில் எவன் 7000க்கு ஏற்றப் போகிறான்? ஈட்டன் தன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறக்குறைய 740 சிசி காற்றைத் தள்ளும். என் எஞ்சின் ஒரு சுற்றுக்கு 800 குடிக்கும். ஆகவே சின்னப் புல்லி போட்டு எஞ்சினைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் சுழற்றினால், கீழ்ச் சுற்றிலேயே 6 பிஎஸ்ஐ கையில் வந்துவிடும்.

வெப்பத்தில் மட்டும் ரொட்ரெக்ஸ்தான் கெட்டி, அதை மறைக்க முடியாது. கொழும்பில் 32 பாகையில் உள்ளே போகும் காற்று, இந்த 6 பிஎஸ்ஐயிலேயே ஈட்டனை விட்டு வெளியே வரும்போது என் கணக்கில் 90ஐ ஒட்டி நிற்கும். ரொட்ரெக்ஸில் 75 அளவில் நிற்கும். அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இண்டர்கூலர் இல்லாமல் ஈட்டனைப் பூட்ட நினைக்கவே வேண்டாம். பெற்றோலும் 95 ஒக்டேன்தான், 92 அடிக்கிற நாளில் அக்சிலரேற்றரில் காலை மெதுவாக வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஈட்டனை எடுக்க வைத்தது பராமரிப்பு. ரொட்ரெக்ஸுக்குள் பல்லுச் சில்லு கிடையாது. உருளைகள் மெல்லிய ஓயில் படலத்தின் வழியாகவே ஒன்றையொன்று இழுக்கின்றன. அதனால் அதற்கென்றே செய்த ஓயில், தனிக் கேன், தனி ஃபில்டர், தனிக் கூலர். வேறு ஓயில் ஊற்றவே கூடாது. அருமையான பொறியியல்தான். ஆனால் அந்த ஓயில் முடிந்தால், கப்பலுக்கும் சுங்கத்துக்கும் நாள் எண்ண வேண்டியவன் நான். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட்டோடு வரிசையில் நின்றவனுக்கு இது சின்ன விசயமில்லை. பஞ்சிகாவத்தைக் கடை நானா இரண்டு வரியில் முடித்தார்: “தம்பி, இது களட்டேலும், பூட்டேலும். மத்தது ஒடஞ்சா யாருக்கிட்ட போற?”

களட்டித்தான் பார்த்தேன். மினியில் இந்தச் சாமானின் பின்பக்கம் தண்ணீர்ப் பம்பையும் சுழற்றும். அதற்குத் தனியாகப் பல்லுச் சில்லும் ஓயிலும் உண்டு. பின் மூடியைத் திறந்து சரித்தேன், ஒரு சொட்டு வடியவில்லை. அடியில் கறுப்புப் பசை மட்டும். அத்தனை வருடம் ஓடிய சாமான் வேறெப்படி இருக்கும்? எனக்குத் தண்ணீர்ப் பம்ப் வேலை தேவையில்லை என்பதால் பல்லுகளை எடுத்துவிட்டு, லேத் பாஸிடம் ஒரு மூடித் தகடு கடைந்து வாங்கினேன். பெயாரிங்குகளைக் கையில் கொண்டுபோய், விளிம்பில் வெட்டியிருந்த இலக்கத்தைக் காட்டி, அதே அளவில் புதுசு எடுத்தேன். முன்பக்கப் பல்லுச் சில்லுகளுக்கு 118 மில்லிப் போத்தல் ஓயில் போதும். அதன் நாற்றத்தைப் பற்றி அம்மாவிடம் கேட்காதீர்கள்.

பூட்டும் முன் எஞ்சினின் பிரதான தண்டான கிராங்கின் புல்லி நடுவே எத்தனை வெட்டு என்று எண்ணுங்கள். 4 என்றால் அது ஆரம்பகால 1600 எஞ்சின், கிராங்கின் மூக்கு நீளம் குறைவு. புல்லியை அதில் பிடித்துவைக்கும் சாவிப் பள்ளம் தேய்ந்து ஆடும் குறை அறியப்பட்டதே. அதன் தலையில் இன்னொரு பெல்ட்டின் சுமையை ஏற்றாதீர்கள். என்னுடையது 8 வெட்டு.

சுப்பர்சார்ஜரைத் தாங்கும் பிராக்கெட்டில் நான் அடி வாங்கினேன். கண்ணளவில் நேராகத் தெரிந்தது. தெஹிவளை மேம்பாலத்தில் ஏறும்போது கீச்சென்று கத்தியது. பொனற்றைத் திறந்தால் பெல்ட்டின் ஓர வரி ஒன்று நூலாகப் பிரிந்து புல்லியில் சுற்றிக் கிடந்தது. இரும்பு அடிமட்டத்தை இரு புல்லிகளின் முகத்திலும் வைத்துப் பார்த்தேன்: ஒரு பக்கம் 3 மில்லிமீற்றர் இடைவெளி. வாஷர் போட்டுச் சமாளிக்காமல் பிராக்கெட்டையே மறுபடி வெட்டுவித்தேன். ரொட்ரெக்ஸ் கிற்றில் பிராக்கெட் அளவெடுத்தே வரும். இதில் எனக்குப் போன மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவர்களுக்கு மிச்சம்.

எதைப் பூட்டினாலும் எஞ்சினின் கணினியான ஈசியுவை மாற்றத்தான் வேண்டும். இக்னிஷனை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளுவதை நான் தொடவில்லை, தெரிந்த கைக்குக் கொடுத்தேன். காப்புறுதிக்காரரிடமும் முதலே சொல்லிவிட்டேன்.

ரொட்ரெக்ஸை நான் ஓட்டியது ஒரே ஒருநாள், சிநேகிதனின் வாகனத்தில், அதிவேகப் பாதையில் கொட்டாவையிலிருந்து காலி வரை. மேலே ஏற ஏற அது இழுக்கிற இழுவை என்னுடையதில் இல்லை. ஆனால் அந்தப் பாதையில் வேக எல்லை 100. என்னுடையது ஓடியதும் இதுவரை 6000 கிலோமீற்றர்தான், கடற்காற்றில் துருப்பிடிக்கும் பயம் வேறு. டிக்கியில் ஒரு மேலதிக பெல்ட்டும் 14ஆம் இலக்க ஸ்பானரும் எப்போதும் கிடக்கின்றன.