கோழி கிளறிய சதுரங்கள்: ஒரு க்வில்டிங் வகுப்பின் கதை

இருபது வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். மிஷினைப் பற்றி எனக்கு யார் என்ன சொல்லித்தரப் போகிறார்கள் என்ற நினைப்போடுதான் இந்த ஃப்ரீ மோஷன் க்வில்டிங் (பஞ்சு வைத்த போர்வைக்கு மிஷினில் கையோட்டத்தில் தையல் போடுவது) ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். பதிவு செய்த 8 பாடங்கள், நடத்துபவர் ஒரு அமெரிக்க ஆசிரியை, தள்ளுபடி போக 2,000 ரூபாய்ச் சொச்சம். முதல் நாள் தைத்த சதுரத்தைப் பார்த்துவிட்டு மகள், "அம்மா, கோழி கிளறிருச்சா?" என்றாள்.

வழக்கமான தையலில் துணியை நகர்த்துவது மிஷினின் பல். இதில் பல்லுக்கு வேலையில்லை. மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழ்த்துணி மூன்றையும் சேர்த்து நம் கைதான் ஓட்ட வேண்டும். துணியை அழுத்தும் ஃபுட்டைக் கழற்றிவிட்டு வளையம் மாட்டி மிஷின் எம்ப்ராய்டரி போடுவார்களே, கிட்டத்தட்ட அதுதான். வளையம் கிடையாது, துணி தடிமன், அவ்வளவுதான்.

என்னுடையது மோட்டார் வைத்த பழைய கறுப்பு மிஷின். பல்லை இறக்கும் வசதியே இல்லை. தையல் நீளத்தைப் பூஜ்யத்தில் வைத்தால் பல் அசைந்தாலும் துணியை இழுக்காது என்று இரண்டாம் பாடத்தில் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இந்தத் தையலுக்கு, துணியை இறுக்கி அழுத்தாத தனி ஃபுட் வேண்டும். கடையில் 'டார்னிங் ஃபுட்' என்று கேட்டால் விழித்தார்கள். போனில் படத்தைக் காட்டியதும், "ஸ்பிரிங் ஃபுட்டுன்னு சொல்லுங்கக்கா" என்று எடுத்துக் கொடுத்தார் கடைக்காரர். ஆசிரியை காட்டிய கையுறையை நான் வாங்கவில்லை. லோடு ஏற்றுகிறவர்கள் போடும் ரப்பர் புள்ளிக் கையுறை ஹார்டுவேர் கடையில் 40 ரூபாய். நன்றாகவே பிடிக்கிறது.

கொடுத்த காசு மூன்றாம் பாடத்திலேயே வசூலாகிவிட்டது. வளைவு வரும் இடமெல்லாம் அடிப்பக்கத்தில் மேல்நூல் கண்ணிமை மயிர் மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. தொழில் புத்தி, மேல்நூலின் டென்ஷனை இறுக்கினேன். நூல் அறுந்தது. இன்னும் இறுக்கினேன், இன்னும் அறுந்தது. குற்றம் டென்ஷனில் இல்லை, வளைவில் என் கை பாய்ந்ததில் இருந்தது. கையை மெதுவாக்கி மிஷினைக் கொஞ்சம் வேகமாக விடச் சொல்கிறார் ஆசிரியை. பயத்தில் நான் செய்துகொண்டிருந்தது நேர் எதிர்.

அடுத்த பாடத்தில் மிஷினே கிடையாது. நோட்டும் பேனாவும்தான், கையெடுக்காமல் கோடு இழுக்க வேண்டும். கோலம் போடுகிறவளுக்கு இதெல்லாம் ஜுஜுபி என்று நினைத்தேன். ஸ்டிப்ளிங் என்கிற, வளைந்து நெளிந்து இடத்தை நிரப்பும் தையலில் ஒரு கோடு இன்னொரு கோட்டை வெட்டவே கூடாது. சிக்குக் கோலத்தில் ஊறிய கையோ, போய் வெட்டிவிட்டுத்தான் திரும்புகிறது! அதை மறக்கடிக்க 40 பக்கம் ஆனது. அப்புறம் தினமும் கடை சாத்தியதும் 15 நிமிடம், லைனிங் மிச்சத்திலும் பழைய வேட்டியிலும் ஒரு அடிச் சதுரம். ஓரத்தில் தேதி எழுதி வைக்கிறேன். ஏழாவது வாரத்துச் சதுரத்தில் தையல்கள் ஏறக்குறைய ஒரே அளவில் விழுந்திருக்கின்றன.

குறைகளும் உண்டு. ஆங்கிலம் ரயில் வேகம். நான் முக்கால் வேகத்தில் வைத்துத்தான் பார்த்தேன். அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பிய கேள்விக்கு ஒன்பது நாள் கழித்து ஒற்றை வரி பதில். கடைசி இரண்டு பாடங்கள்தான் பெரிய ஏமாற்றம். முழுப் போர்வையைச் சுருட்டி ஊசிக்கும் மிஷின் உடம்புக்கும் நடுவே நுழைப்பதை, அகலமான பெரிய மிஷினில் வைத்துக் காட்டுகிறார். என் மிஷினில் அந்த இடம் ஒரு சாண்கூட இல்லை.

புதிதாகத் தொடங்குபவர்கள் தள்ளுபடி வரும்போது வாங்கலாம், முதல் நாலு பாடத்துக்காகவே. இறகு டிசைன் பாடத்தை நான் இன்னும் திறக்கவில்லை. தீபாவளி ஜாக்கெட்டுகள் டெலிவரி ஆகட்டும்.